நைலானைத் தந்தவர், பாலியஸ்டரைக் கைவிட்டவர்: யார் இந்த வாலஸ் கரோதர்ஸ்? பழைய துணி பிளாஸ்டிக்காக மாறுவதில் அவருக்கு என்ன பங்கு?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு லெக்கின்ஸோ, ஸ்கூல் யூனிஃபார்மோ வாங்கினால் உள்பக்கம் சின்னதா ஒரு வெள்ளை லேபிள் தைத்திருக்கும். பாலியஸ்டர் 65%, காட்டன் 35% என்றோ, காட்டன் 95%, எலாஸ்டேன் 5% என்றோ அதில் போட்டிருக்கும். விலைச்சீட்டைப் பார்க்கிற அளவுக்கு யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தத் துணி நைந்துபோய் குப்பைக்குப் போகும்போது, அதன் தலையெழுத்தை முடிவு செய்வது அந்தக் கணக்குதான்.

மயிலாப்பூர் பக்கம் பழைய பட்டுச்சேலைக்கு இன்னமும் விலை உண்டு. ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்காகவே வாங்கிக்கொள்வார்கள். பழைய பேப்பர் கடையில் காலி வாட்டர் பாட்டிலை எடைக்குப் போட்டாலும் ஏதோ காசு வரும். ஆனால் பாலியஸ்டர் சட்டையைக் கொண்டுபோனால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாட்டர் பாட்டிலும் பாலியஸ்டர் சட்டையும் ஒரே பொருள்தான். இரண்டுமே 'பெட்' எனப்படும் பிளாஸ்டிக். பாட்டிலுக்குக் காசு, சட்டைக்கு இல்லை. ஏன்?

இதற்கான பதில், 1937-ல் இறந்துபோன ஒரு அமெரிக்க வேதியியலாளரின் வாழ்க்கையில் இருந்து தொடங்குகிறது. நைலானைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் பாடங்களில் வரும் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ்தான் அவர்.

பாட்டிலை உருக்கலாம், சட்டையை ஏன் முடியாது?

பாட்டில் முழுக்க ஒரே பிளாஸ்டிக். கழுவி, நறுக்கி, சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருக்கினால் மறுபடி இழையாக இழுக்கலாம். சட்டை அப்படி இல்லை. அதில் பாலியஸ்டரும் பருத்தியும் சேர்த்தே நூற்கப்பட்டிருக்கும். பருத்தி உருகாது, கருகிவிடும். எலாஸ்டேன் சேர்ந்திருந்தால் உருக்கும்போது அது சிதைந்து மொத்தத்தையும் கெடுக்கும். சாயம், பட்டன், ஜிப் எல்லாம் தனித் தலைவலி.

உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர்தான். அப்படியிருந்தும், ஆடை தயாரிக்கப் பயன்படும் பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மீண்டும் ஆடையாகிறது என்று எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது.

உருக்க முடியாத துணியை வேறு எப்படி மீட்பது? பாலியஸ்டரின் ரசாயன முடிச்சையே அவிழ்த்துவிடுவது ஒரு வழி. அந்த முடிச்சு எப்படிப் போடப்படுகிறது, எப்போது அவிழ்கிறது என்பதைக் கணக்கோடு முதலில் எழுதிவைத்தவர் கரோதர்ஸ்.

கணக்குப்பிள்ளை ஆகியிருக்க வேண்டியவர்

1896 ஏப்ரல் 27. அமெரிக்காவின் அயோவா மாநிலம், பர்லிங்டன். நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் கரோதர்ஸ். அப்பா ஒரு வணிகக் கல்லூரி ஆசிரியர். அதனால் பையனும் முதலில் அங்கேயே கணக்குப் பதிவியல்தான் படித்தார். நம்ம ஊரில் அப்பா சொன்னார் என்பதற்காக பி.காம் சேர்வது மாதிரி.

ஆனால் மனசு முழுக்க வேதியியலில். 1915-ல் மிசௌரியில் உள்ள டார்கியோ என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்தார். வேதியியல் பேராசிரியர் வேலையை விட்டுப் போனபோது, மாணவராக இருந்த கரோதர்ஸையே பாடம் எடுக்கச் சொன்னது கல்லூரி. பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1924-ல் முனைவர் பட்டம். 1926-ல் ஹார்வர்டில் ஆசிரியர்.

பாடம் எடுப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. கூச்ச சுபாவம். கூட்டத்தின் முன் நிற்பதே வேதனை. சரியாக அந்த நேரத்தில் டெலாவேர் மாநிலம் வில்மிங்டனில் இருந்து டூபான்ட் நிறுவனம் கதவைத் தட்டியது. லாபத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அடிப்படை ஆராய்ச்சி செய்ய ஒரு குழு வேண்டும் என்றது.

கரோதர்ஸ் முதலில் மறுத்துவிட்டார். தனக்கு அவ்வப்போது மனச்சோர்வு வரும், அப்போது வேலை செய்யவே முடியாது, கம்பெனியில் அது பெரிய குறையாகத் தெரியும் என்று கடிதத்திலேயே வெளிப்படையாக எழுதினார். வேலைக்கு எடுக்கப்போகும் நிறுவனத்திடம் இதைச் சொல்ல இன்றைக்கே பலர் தயங்குவார்கள். அவர் 1927-ல் சொன்னார். டூபான்ட் விடவில்லை. சம்பளத்தை உயர்த்தித் திரும்பவும் கூப்பிட்டது. 1928 பிப்ரவரியில் வேலையில் சேர்ந்தார். (அதே 1928-ல்தான் தி.நகரில் நல்லி பட்டுக்கடை தொடங்கப்பட்டது. பட்டுக்குப் போட்டியாக ஒரு செயற்கை இழையை உருவாக்கப்போகிறவர் உலகின் இன்னொரு மூலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்த வருடமும் அதுதான்.)

பூச்சரமும் தண்ணீர்த் துளியும்

அந்தக் காலத்தில் பெரிய சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர், பட்டு, பருத்தி போன்றவை எதனால் ஆனவை? சின்னச் சின்ன மூலக்கூறுகள் வெறுமனே ஒட்டிக் குவிந்து கிடக்கின்றன என்றது ஒரு தரப்பு. இல்லை, ஒன்றோடு ஒன்று கட்டப்பட்ட மிக நீண்ட சங்கிலிகள் என்றார் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஸ்டாடிங்கர். அவரைப் பலர் கேலி செய்தார்கள்.

கரோதர்ஸ் வாதம் செய்யவில்லை. சங்கிலியைத் தானே கட்டிக் காட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார்.

மல்லிகைச் சரம் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு முடிச்சு. கரோதர்ஸ் எடுத்துக்கொண்ட பூக்கள் அமிலமும் ஆல்கஹாலும். இவை இரண்டும் சேரும்போது எஸ்டர் என்ற முடிச்சு விழும். அப்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே வரும். முடிச்சு போடப் போட, தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இப்படி நிறைய எஸ்டர் முடிச்சு உள்ள சரத்துக்குத்தான் பாலியஸ்டர் என்று பெயர்.

சிக்கல் அந்தத் தண்ணீரில்தான். அது உள்ளேயே தங்கினால், போட்ட முடிச்சையே திரும்ப அவிழ்த்துவிடும். ஒரு பக்கம் கட்டக் கட்ட, மறுபக்கம் அவிழும். அதனால் அவர் சரம் ஒரு நீளத்துக்கு மேல் வளரவே இல்லை.

இதை அவர் கணக்காகவே எழுதினார். பாலிமர் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் படித்தாக வேண்டிய கரோதர்ஸ் சமன்பாடு அதுதான். முடிச்சுகளில் 95% விழுந்தால் சரத்தில் சராசரியாக 20 பூக்கள்தான் இருக்கும். 99% விழுந்தால்தான் 100 பூக்கள். அதாவது கடைசித் துளி தண்ணீரையும் வெளியேற்றினால் மட்டுமே இழை கிடைக்கும்.

1930 ஏப்ரல்: ஒரே மாதத்தில் இரண்டு

அந்த மாதம் கரோதர்ஸ் குழுவுக்கு அமைந்த மாதிரி எந்த ஆய்வகத்துக்கும் அமைவது அபூர்வம். ஏப்ரல் மத்தியில், குழுவில் இருந்த ஆர்னால்ட் காலின்ஸின் குடுவையில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி உருவாகியிருந்தது. அதுதான் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 28-ல் ஜூலியன் ஹில், தண்ணீரை மிச்சமில்லாமல் உறிஞ்சும் ஒரு சிறப்புக் கருவியில் பாலியஸ்டரைச் சூடாக்கினார். மூலக்கூறு எடை 12,000-ஐத் தாண்டியது. அதுவரை சுமார் 6,000-லேயே முட்டிக்கொண்டு நின்ற எண் அது.

கண்ணாடிக் கம்பியால் தொட்டு இழுத்தால் நூல் நூலாக வந்தது. ஆறிய பிறகும் இழுத்தால், உடையாமல் நீண்டு, பட்டு மாதிரி மினுமினுத்தது. இழுக்க இழுக்க உறுதியும் கூடியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துணியாக நெய்ய அந்த இழை லாயக்கில்லை. 100 டிகிரி எட்டுவதற்கு முன்பே உருகியது. வெந்நீரில் துவைக்க முடியாது, இஸ்திரி போட முடியாது. தண்ணீர் பட்டால் முடிச்சு தளர்ந்துவிடும் பழக்கமும் போகவில்லை. தண்ணீருக்குத் தாங்காத நூலில் சேலை நெய்து என்ன பயன்? பாலியஸ்டர் இழை ஒரு முட்டுச்சந்து என்று முடிவு செய்து கரோதர்ஸ் அதை ஒதுக்கிவைத்தார்.

நைலான் வந்தது, அவர் இல்லை

மேலதிகாரி எல்மர் போல்டன் விடவில்லை. அடிப்படை ஆராய்ச்சி போதும், விற்கிற மாதிரி ஒரு இழை வேண்டும் என்று நெருக்கினார். கரோதர்ஸ் முடிச்சை மாற்றினார். எஸ்டருக்குப் பதில் அமைடு. பட்டிலும் கம்பளியிலும் இயற்கையே போட்டிருக்கும் முடிச்சு வகை அது. 1934 மே மாதம் முதல் நல்ல அமைடு இழை கிடைத்தது. 1935 பிப்ரவரி 28 அன்று, குழுவின் ஜெரார்ட் பெர்ஷே தயாரித்த பாலிமர்தான் பிறகு நைலான் 6,6 ஆனது. அந்த இரண்டு ஆறுகளும், சேரும் இரு பொருள்களிலும் தலா ஆறு கார்பன் இருப்பதைக் குறிப்பவை. உருகுநிலை 260 டிகிரிக்குப் பக்கத்தில். வெந்நீருக்கு அசரவில்லை.

வெளியே வெற்றி மேல் வெற்றி. 1936-ல் தேசிய அறிவியல் அகாடமிக்குத் தேர்வானார். தொழில்துறையில் வேலை பார்த்த கரிம வேதியியலாளர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல்முறை. அதே ஆண்டு பிப்ரவரியில், டூபான்ட்டில் வேலை பார்த்த ஹெலன் ஸ்வீட்மேனைத் திருமணம் செய்துகொண்டார்.

உள்ளே நிலைமை வேறு. மனச்சோர்வு முற்றிப்போயிருந்தது. தன்னிடம் புதிதாக எந்த யோசனையும் மிச்சமில்லை, தான் தோற்றுவிட்டோம் என்ற நினைப்பு அவரை விடவில்லை. நைலானைச் செய்தவருக்கே இந்த நினைப்பு என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும். மனச்சோர்வு என்ற நோய் சாதனைப் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. இன்று இருக்கிற மருந்துகளில் ஒன்றுகூட அன்று இல்லை. 1937 ஜனவரியில் அவர் உயிராக நினைத்த தங்கை இசபெல், அமெரிக்க வானொலியில் பிரபலமான கலைஞர், நிமோனியாவில் இறந்தார். அந்த அடியில் இருந்து கரோதர்ஸ் எழவே இல்லை. 1937 ஏப்ரல் 29 அன்று, 41 வயது நிறைந்து இரண்டே நாளில், ஃபிலடெல்ஃபியாவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் மகள் ஜேன் பிறந்தார்.

(மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தமிழக அரசின் 104 அல்லது டெலிமானஸ் 14416 எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.)

நைலான் என்ற பெயரையே அவர் கேட்டதில்லை. 1938 அக்டோபர் 27-ல்தான் டூபான்ட் அந்தப் பெயரை உலகத்துக்கு அறிவித்தது. (நியூயார்க், லண்டன் இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் என்று ஒரு கதை சுற்றும். அது உண்மையில்லை.) 1940 மே 15-ல் அமெரிக்கா முழுக்க நைலான் காலுறை விற்பனைக்கு வந்தபோது பெண்கள் கடை வாசலில் வரிசை கட்டினார்கள். அடுத்து போர் வந்தது. காலுறை போய் பாராசூட் ஆனது. அவர் குழுவில் இளைஞராகச் சேர்ந்த பால் ஃப்ளோரி 1974-ல் நோபல் பரிசு பெற்றார். ஸ்டாடிங்கருக்கு 1953-லேயே கிடைத்திருந்தது. இறந்தவர்களுக்கு நோபல் தரும் வழக்கம் இல்லை.

கைவிட்ட பாலியஸ்டர் சட்டையானது எப்படி?

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டிக்சன் என்ற இருவர் கரோதர்ஸின் கட்டுரைகளைக் கவனமாகப் படித்தார்கள். அவர் தொடாமல் விட்ட ஒரு பொருள் அவர்கள் கண்ணில் பட்டது. டெரெப்தாலிக் அமிலம். அதன் நடுவில் பென்சீன் வளையம் இருப்பதால் சங்கிலி விறைப்பாக நிற்கும். 1941-ல் அதை எத்திலீன் கிளைக்காலோடு சேர்த்தார்கள். உருகுநிலை 260 டிகிரிக்கு எகிறியது. சாதாரணத் துவையலுக்கெல்லாம் முடிச்சு அசையவில்லை. இதுதான் பெட். டெரிலின் என்ற பெயரில் வந்தது. பருத்தியோடு கலந்ததும் நம்ம ஊரில் டெரிகாட்டன் ஆனது. கசங்காது, சீக்கிரம் காயும், சாயம் போகாது. ஒரு காலத்தில் டெரிலின் சட்டை போட்டுக்கொண்டு நடந்தால் அது தனி மவுசு.

1958-ல் டூபான்ட்டிலேயே ஜோசப் ஷிவர்ஸ் இழுத்தால் நீளும் எலாஸ்டேனைக் கொண்டுவந்தார். லெக்கின்ஸ் முதல் ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வரை எல்லாவற்றுக்கும் மூலம் அது. கூடவே கலப்புத் துணிக் குப்பைக்கும்.

அவிழும் முடிச்சே இப்போது வழி

பெட் சாதாரணமாக அவிழாது. ஆனால் அதுவும் எஸ்டர் முடிச்சுதான். கரோதர்ஸை அலைக்கழித்த அதே விதி அதற்கும் பொருந்தும். போதுமான சூடும், ஊக்குவிக்க ஒரு வினையூக்கியும், வெளியே தள்ளப்பட்ட தண்ணீரோ கிளைக்காலோ திரும்பவும் கிடைத்தால், சரம் பூப்பூவாக உதிர்ந்துவிடும். பருத்தியின் சங்கிலி வேறு வகை முடிச்சு. பக்குவமான சூட்டில் கிளைக்கால் அதைத் தொடாது. ஒரே துணியில் ஒன்று கரைய, இன்னொன்று அப்படியே நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஆய்வு 2024 ஜூலையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது. டெலாவேர் பல்கலைக்கழகத்தின் எர்ஹா அண்டினி, டியோனிசியோஸ் விலாகோஸ் குழு செய்தது. கலப்புத் துணியை எத்திலீன் கிளைக்காலிலும் துத்தநாக ஆக்சைடிலும் போட்டு மைக்ரோவேவில் சூடாக்கினார்கள். 15 நிமிடத்தில் பாலியஸ்டரும் எலாஸ்டேனும் உடைந்து மூலப்பொருளாகிவிட்டன. பருத்தியும் நைலானும் அப்படியே மிஞ்சின. அவற்றைக் கரைப்பான் கொண்டு பிரித்தார்கள். அமைடு முடிச்சு இந்தச் சூட்டுக்கு அசையவில்லை. 1934-ல் கரோதர்ஸ் எஸ்டரை விட்டு அமைடுக்குத் தாவியது எதற்காகவோ, அதே வித்தியாசம்தான் இங்கே இரண்டையும் பிரித்துத் தருகிறது. சொல்லப்போனால், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நியூவார்க் ஊர், கரோதர்ஸ் வேலை பார்த்த வில்மிங்டனில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான்.

இப்படிக் கிடைக்கும் மூலப்பொருளை மறுபடி கோர்த்தால் புத்தம்புது பெட். அது திரும்ப இழையாகத்தான் ஆக வேண்டும் என்றில்லை. பாட்டில், பேக்கிங் தட்டு, வார்ப்புப் பிளாஸ்டிக் எதுவாகவும் ஆகலாம். படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கண்ணாடி இழையோடு சேர்த்துப் பூசும் பாலியஸ்டர் ரெசின், மெத்தைக்கான ஃபோம் ஆகியவற்றுக்கும் மூலப்பொருளாகும்.

ஹாங்காங்கில் இன்னொரு பாதை. அங்குள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம், எச் அண்ட் எம் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, வெறும் தண்ணீர், சூடு, அழுத்தம், கொஞ்சம் அமிலம் வைத்துப் பருத்தியைத் தூளாக்கிப் பாலியஸ்டரை முழு இழையாகவே எடுக்கும் முறையை 2017-ல் அறிவித்தது. அங்கே உடைவது பருத்தி, மிஞ்சுவது பாலியஸ்டர்.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் வீணாவதில்லை. கலர் வாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் திரும்ப நூலாக்கிவிடுகிறார்கள். அது சுத்தமான, என்ன கலவை என்று தெரிந்த கழிவு. கரூரின் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் பாட்டில்களில் இருந்து இழை எடுத்துத் துணி நெய்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற ஜாக்கெட்டின் துணி அங்கிருந்து போனதுதான்.

ஆனால் இரண்டுமே வீட்டு அலமாரியில் இருந்து வெளியேறும் பழைய கலப்புத் துணியைத் தொடுவதில்லை. சென்னையில் அதில் பெரும்பங்கு மற்ற குப்பையோடு கலந்தே போகிறது. பெருங்குடியில் சுமார் 225 ஏக்கர் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் பணியில், மண்ணுக்கு அடுத்து வருவது பிளாஸ்டிக்கும் துணியும்தான். அதைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அங்கே போனால் சரமும் இல்லை, பூவும் இல்லை, சாம்பல்தான்.

அப்படின்னா ரசாயன மறுசுழற்சி ஆலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அவ்வளவு சுலபமில்லை. ஆய்வகத்தில் துணியை நறுக்கி, எடை போட்டு, சுத்தமாகவே குடுவைக்குள் போடுகிறார்கள். ஆலைக்கு வரும் மூட்டையில் சமையல் எண்ணெயும் ஈரமும் மண்ணும் இருந்தால் அதைச் சுத்தம் செய்யும் செலவிலேயே கணக்கு உதைக்கும். லேபிள் கிழிந்த துணியில் என்ன கலவை என்று கண்டுபிடிக்க அகச்சிவப்பு ஒளிக் கருவி வேண்டும். பட்டனையும் ஜிப்பையும் யாராவது வெட்டி எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, பாட்டில் சுலபமாகக் கிடைக்கிறவரை மில்கள் பாட்டிலையே தேடிப்போகும்.

அதனால் இப்போதைக்குச் செய்யக்கூடியது சின்ன வேலைதான். உடுத்தும் நிலையில் உள்ள துணியைத் தனியாகக் கொடுத்துவிடலாம். கிழிந்ததை ஈரக் குப்பையோடு சேர்க்காமல், உலர் குப்பையோடு தனிப் பையில், லேபிளை வெட்டாமல் வைக்கலாம்.